பிலோ அன்ரி வேலையை விட்டுப் போகவில்லை

என் பிலோ அன்ரிக்கு,

அந்தத் திங்கட்கிழமை உங்களைக் காய்ச்சலோடு வேலைக்கு வரவைத்தது நான்தான். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கொட்டாஞ்சேனையில் பாயில் சுருண்டு படுத்திருக்க வேண்டிய உங்களை பஸ் ஏறி வந்து முப்பது பேருக்குத் தேநீர் ஊற்ற வைத்தது நுளம்பு இல்லை.

உங்கள் செத்த வீட்டிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகள் ஜெனிட்டா என் தோளில் சாய்ந்து அழுதபோது வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். போன சனிக்கிழமை அவள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கே ஒரு கடிதத்தோடு வந்தாள். அதற்குப் பிறகும் எப்படி விழுங்குவது?

எங்கள் ஒபீஸின் தலைமை லண்டனில் இருக்கிறது. அங்கேயிருந்து எங்களுக்குப் பழகிய ஒரு வசனம் இருந்தது. உடம்பு சரியில்லை என்றால் காலையில் வட்ஸ்அப் குரூப்பில் "ஓஃப் சிக் டுடே" என்று போட்டால் போதும். டொக்டரின் மெடிக்கல் துண்டு கேட்க மாட்டார்கள். சம்பளம் வெட்ட மாட்டார்கள். நாங்கள் அதை எதற்கெல்லாம் பாவித்தோம் என்று உங்களுக்குத் தெரியாததா? மழை என்றால் ஓஃப் சிக். மட்ச் என்றால் ஓஃப் சிக். ஒருமுறை நான் அதைப் போட்டுவிட்டுப் புறக்கோட்டைக்குச் சீலை எடுக்கப் போனேன். மறுநாள் போனில் படத்தை உங்களுக்குத்தான் காட்டினேன். "காய்ச்சல் நல்ல நிறமாத்தான் இருக்கு மகள்" என்றீர்கள்.

மதியச் சாப்பாட்டு ஓடர் எடுப்பதற்காக உங்களையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். நீங்கள் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டே, இந்தப் பிள்ளைகள் ஆளுக்காள் ஒரே வசனத்தைப் போடுகிறார்களே, அதென்ன என்று கேட்டீர்கள். விளங்கப்படுத்தினேன்.

"அப்ப எனக்கு ஏலாட்டி நானும் போடலாமா?"

"ஏன் போடேலாது? நீங்களும் இங்கதானே வேலை செய்யுறீங்க."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் அதை! உங்கள் போனை வாங்கி எழுதியும் காட்டினேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அன்ரி. நீங்கள் எங்கள் ஒபீஸில் வேலை செய்தவர், எங்கள் ஒபீஸின் ஆள் இல்லை. பதினொரு வருஷம் அதே பன்ட்ரியில் நின்று தேநீர் ஊற்றினாலும், ஒபீஸ்களுக்குக் கூலிக்கு ஆள் அனுப்புகிற மேன்பவர் கம்பனியின் ஆள். வர முடியாத நாளில் உங்களுக்குப் பதில் ஒருத்தியை நீங்களே தேடி அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். உடம்புக்கு வருத்தம் வருவதுகூட எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிற சலுகை.

சில கிழமை கழித்து ஒரு காலையில், நாரி பிடித்து, இடுப்பை அசைத்து எழும்ப முடியாமல் கிடந்து, நீங்கள் அந்த வசனத்தைப் போட்டீர்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. முதலில் ஒருவன் சிரிக்கிற முகத்தைப் போட்டான். பிறகு இன்னொருத்தி. தேநீர் இல்லாவிட்டால் நாங்களும் ஓஃப் சிக்தான் என்று ஒருவன் எழுதினான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிக்கிற முகம் போட்டேன். ஏன் போட்டேன்? எல்லோரும் போட்டார்கள், அதனால் போட்டேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அரை மணித்தியாலத்தில் உங்களைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, இதை அவவுக்கு யார் பழக்கியது என்று கேட்டார். தெரியாது, மற்றவர்களைப் பார்த்துப் போட்டிருப்பா என்றேன். என்னை வேலையில் நிரந்தரமாக்கும் கொன்ஃபர்மேஷன் அந்த மாதம்தான் வரவிருந்தது. அவர் மேன்பவர் கம்பனிக்குப் போன் பண்ண, அங்குள்ள சுப்பவைசர் உங்களுக்குப் போன் பண்ணி ஏசிக் கிழித்திருக்கிறான்.

அடுத்த நாள் நாரியைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். என் மேசையில் தேநீரை வைத்துவிட்டுக் குனிந்து, ரகசியம் மாதிரிக் கேட்டீர்கள்.

"நான் பிழையா எழுதிப்போட்டனா மகள்?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள், உங்களை மனிசராக எண்ணாதது எங்கள் பிழை என்று சொல்லியிருக்கலாம். "ஓம் அன்ரி, சின்னப் பிழைதான்" என்றேன். உங்கள் மனம் நோகக் கூடாதென்று சொன்னதாக இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. என் பெயர் வெளியே வரக் கூடாதென்று சொன்னது.

அந்தத் திங்கட்கிழமை உங்கள் கண் இரண்டும் சிவந்திருந்தது. பன்ட்ரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கையைத் தொட்டேன், கொதித்தது. வீட்டுக்குப் போங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"வேணாம் மகள். லீவு கேக்கிற இங்கிலிஷ் எனக்குச் சரியா வராது. திரும்பவும் பிழையாச் சொல்லி ஏச்சு வாங்கவோ?"

நான் இரண்டு பனடோல் தந்தேன். நீங்கள் எனக்குத் தேநீர் தந்தீர்கள். அதைக் குடித்தேன். கூட்டிக்கொண்டு போய் ஒரு ஓட்டோவில் ஏற்றிவிட்டிருக்க எத்தனை நிமிஷம் எடுத்திருக்கும்?

செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரி. சனிக்கிழமை நீங்கள் இல்லை. திங்கட்கிழமை அடக்கம். தேநீர் ஊற்றுகிறவவின் செத்த வீட்டுக்கு ஒபீஸில் லீவு கிடையாது. நான் ஓஃப் சிக் என்று போட்டுவிட்டுத்தான் வந்தேன். கெதியாய்ச் சுகமாகச் சொல்லி ஏழு பேர் இதயம் போட்டார்கள்.

உங்கள் இடத்துக்கு இப்போது ஹெந்தளையிலிருந்து ஒரு சிங்கள அக்கா வருகிறா. நல்லவ. அவவைக் குரூப்பில் சேர்க்கவில்லை.

ஜெனிட்டா கொண்டுவந்த கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒரு மாசம் முடிந்து வைத்த பூசைக்கு முதல் நாள் பதிவுத் தபாலில் வந்ததாம். நீங்கள் அறிவிக்காமல் மூன்று நாள் வராததால் வேலையைத் தானாகக் கைவிட்டவராகக் கருதுகிறோம் என்று மேன்பவர் கம்பனி இங்கிலிஷில் எழுதியிருக்கிறது. செவ்வாய்க்கிழமையே ஜெனிட்டா போன் எடுத்து நீங்கள் ஆஸ்பத்திரியில் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் வேறு ஆளை அனுப்பு என்பதுதான் பதில்.

"அம்மா பதினொரு வருஷத்தில ஒரு நாள்தான் அக்கா வேலைக்குப் போகாம நிண்டவ" என்றாள். "செத்தவவ ஓடிப்போனவ எண்டு எழுதியிருக்கிறாங்க. இத எப்பிடி வீட்டில வெச்சிருக்கிறது?"

எங்கள் ஒபீஸ் எழுதித் தந்தால்தான் மேன்பவர் கம்பனி அதை மாற்றுமாம். மனேஜரிடம் கேட்டேன். அது அவவின் வீட்டாருக்கும் மேன்பவருக்கும் உள்ள விஷயம், நீர் ஏன் தலையைப் போடுகிறீர் என்றார். அன்று அவரிடமும் உங்களிடமும் முகத்தைப் பார்த்தே பொய் சொன்ன நான், அவருடைய முகத்தில் என்னையே கண்டேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன் அன்ரி. அந்தத் திங்கட்கிழமை நான் கண்டதையும், அதற்கு முன் நான் சொன்ன இரண்டு பொய்யையும் எழுதிக் கையெழுத்து வைத்து ஜெனிட்டாவிடம் கொடுத்துவிட்டேன். அவளோடு தொழில் திணைக்களத்துக்கு நானும் போவேன். யார் கேட்டாலும் இனித் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

நேற்றுக் காலை குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். உங்களுக்குப் பழக்கியது நான், மறைத்தது நான், நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை என்று எழுதினேன். கடைசியில் மனேஜரின் பெயரைப் போட்டே கேட்டேன்: பிலோமினா வேலையை விட்டுப் போகவில்லை, காய்ச்சலோடு எங்களுக்கு வேலை செய்துவிட்டுத்தான் போனார் என்று ஒரு வரி எழுதி, ஒபீஸ் சீல் குத்தித் தாருங்கள்.

முப்பது பேரும் பார்த்துவிட்டார்கள். இன்னும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் எல்லோரிடமும் பெறாமகள் என்று சொல்லித் திரிந்த,
தர்ஷினி