நாற்பத்தாறு பிளானும் பதினொரு வீடும்

நீடாமங்கலம்,
மாசி 3

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியமா இருக்கோம், அவளோட முட்டிவலியும் அவளை விட்டுப் பிரியாம சௌக்கியமா இருக்கு. சிங்கப்பூர்ல நீயும் வானதியும் குழந்தையும் நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறோம். சம்பா அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் வீடு வந்து சேர்ந்துடுச்சு, கடைசி நேரத்து மழையில நெல்லு ஈரமாயி ரோட்டுல நாலு நாள் காயப் போட வேண்டியதாப் போச்சு, மத்தபடி குறையில்ல. போன்ல பேசினாப் போதுமே, அப்பா எதுக்குக் கடுதாசி எழுதுறார்னு நினைப்பே. போன்ல பேசினா உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்துலயே உக்காந்துக்குறா, இது அவ காதுல இப்ப விழ வேண்டாம்.

பொங்கலன்னிக்கு நீ கேட்டே, போன வருஷம் நம்ம பக்கத்துல வீடு கட்ட எத்தனை பேருக்குப் பிளான் போட்டு அனுமதி வாங்கிக் குடுத்தீங்கன்னு. நோட்டைப் பார்த்து எண்ணி நாற்பத்தாறுன்னு சொன்னேன், அதுக்கு முந்தின வருஷம் இருபத்தெட்டுதான். உனக்குத் தலைகால் புரியல. அனுமதி கூடுதுன்னா ஊர்ல பணம் புழங்கப்போகுதுப்பா, இன்னிக்கு அனுமதி வாங்கினவன் ஆறு மாசத்துல சிமெண்டு வாங்குவான், கம்பி வாங்குவான், அப்புறம் டைல்ஸ், கட்டில், பீரோன்னு போகும், பெரிய கம்பெனியெல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கடை திறக்குறாங்கன்னு சொன்னே. மாசி மாசக் கடைசியில ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்து இங்கயே டைல்ஸ் கடை வைக்கிறேன்னே. நீ வரப்போறேன்னு உன் அம்மா மறுநாளே உன் ரூமை ஒழிச்சு வச்சுட்டா.

நம்பர் பொய்யில்லடா. ஆனா அந்த நாற்பத்தாறுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். அதுல இருபத்திரண்டு, பொண்ணு பார்க்குறதுக்காகப் போட்ட பிளான். இப்பெல்லாம் எந்தப் பொண்ணு வீட்டுலயும் முதல் கேள்வியே மாடி வீடு இருக்காங்கிறதுதான். ஓட்டு வீட்டுக்காரன் என்ன பண்ணுவான், என்கிட்ட வந்து ரெண்டு பெட்ரூம் வச்சு ஒரு பிளான் போட்டு, அனுமதி வாங்கி, சீல் வெளியே தெரியுற மாதிரி மடிச்சு வச்சுக்குவான். சம்பந்தம் பேச வந்தவங்களுக்குக் காப்பி வர்றதுக்கு முன்னாடி அதுதான் வரும். கொஞ்சம் ரோஷக்காரனா இருந்தா அஸ்திவாரத்துக்கு வானம்னு ஒரு குழியும் தோண்டிப்புடுவான், கல்யாணம் முடிஞ்சதும் அந்தக் குழியில ஆடு படுத்துக்கும். இப்பக் கம்ப்யூட்டர்லயே சீக்கிரம் அனுமதி வந்துடுறதால இந்தப் பழக்கம் கூடிப்போச்சு. அடுத்தவனைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை, உனக்கு வானதியைப் பார்க்கப் போனப்ப நானும் மாடி கட்டப்போறேன்னு ஒரு பிளானைத்தானே சம்பந்தி கையில குடுத்தேன், மாடிப்படி எங்க மாமான்னு அவ இன்னிக்கும் கேலி பண்றா. இன்னும் பதிமூணு பேர் பேங்க்ல லோனுக்கு நடையா நடக்குறாங்க. நிஜமாச் சுவர் எழும்பினது பதினொண்ணு, முந்தின வருஷம் எழும்பினதை விடவும் குறைச்சல்.

போன வெள்ளிக்கிழமை குணசேகரன் கொத்தனார் வந்தார். பிளான் நிறையப் போடுறீங்களாமே ஐயா, எனக்கு ஒரு வேலையாவது காட்டி விடுங்கன்னு கேட்டார். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், எழும்பின பதினொண்ணுக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கு, அதை விட்டாக் காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. மறுநாள் எட்டு ஆளைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்கு ரயிலேறிட்டார். கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாத்தையும் சாக்குல கட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனதைப் பார்த்துட்டு வந்துதான் இந்தக் கடுதாசி எழுத உக்காந்தேன். ஊர்ல வீடு எழும்புதுன்னா கொத்தனார் ஏன் ஊரை விட்டுப் போறார், நீயே சொல்லு. இதையெல்லாம் பொங்கலன்னிக்கே உன்கிட்டச் சொல்லியிருக்கணும்.

ஏன் சொல்லலன்னா, நீ வந்துடுவேங்கிற ஆசைதான். நீ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. பேரப்பிள்ளையை நான் தூக்கினது மொத்தமே இருபது நாள்தான். நம்பரைச் சரியாச் சொல்லிட்டு விவரத்தை மறைச்சேன், அதுவும் ஏமாத்து வேலைதான், அப்பாவை மன்னிச்சுடு. கடையை நம்பி வேலையை விட்டுடாதே. எங்ககூட இருக்கணும்னு தோணினா வா, என்ன தொழில்னு உக்காந்து யோசிப்போம், ரெண்டு வேளைக் கஞ்சிக்கு நம்ம நிலம் இருக்கு. தோணலைன்னாலும் உன்மேல வருத்தம் இல்ல. அம்மாகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.

வானதியையும் குழந்தையையும் நல்லாப் பார்த்துக்கோ. நம்ம ஊர்க் கோயில் சந்தானராமர் துணையில நீங்க மூணு பேரும் நீடூழி வாழணும். மாசக் கடைசிக்கு முன்னாடி இது கையில கிடைச்சதும் ஒரு வார்த்தை சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரெங்கசாமி

பின்குறிப்பு: இதைக் கவர்ல போடப் போன என்கிட்டேருந்து உன் அம்மா வாங்கி முழுசும் படிச்சுட்டா. மடிச்சு என் கையிலயே திருப்பிக் குடுத்தா. அப்புறம், சரியாத்தான் எழுதியிருக்கீங்க, உடனே கொண்டுபோய்ப் போஸ்ட்ல போட்டுட்டு வாங்க, சாயங்காலம் வரைக்கும் வீட்டுல இருந்தா நானே கிழிச்சுப் போட்டுடுவேன்னு சொல்றா.