அட்டை மறைப்புக்குப் பின்னால்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் வகுப்பு விடைத்தாள் முப்பத்தெட்டும் திருத்தி முடித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

நகராட்சியிலிருந்து தாள் வந்திருக்கிறது. இந்த வார்டு தேர்தலில் செல்போனிலேயே ஓட்டுப் போடலாமாம். 14 முதல் 19 வரை. வேண்டுமென்றால் 22ஆம் தேதி சாவடிக்கும் போகலாம்; அங்கே போட்டால் போனில் போட்டது தானாக ரத்தாகிவிடும். நான்கு தேர்தலில் சாவடி வேலை பார்த்தவள் நான். என் குதிகால் இதைக் கேட்டால் கைதட்டும். என் கணவரின் அக்காவுக்கும் வசதி; அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து அவர் இரண்டு தேர்தலில் ஓட்டுப் போடவில்லை.

நம்பர் பதிவு செய்யவேண்டும். வீட்டில் படிவங்களுக்கு மந்திரி இவர்தான். காஸ், வங்கி, எல்லாவற்றுக்கும் இவர் நம்பர். எனக்கும் அதையே கொடுத்துவிட்டார். அண்ணியிடம் பழைய பட்டன் போன்தான் என்பதால் அவருக்கு என் நம்பரைக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சரோடு ஒரே வாக்குவாதம். அவருக்கு இந்தப் போன் ஓட்டே பிடிக்கவில்லை. நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அதற்கு ஏதாவது வழி செய்யட்டும் என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சாவடியில அட்டை மறைப்புக்குப் பின்னாடி ரெண்டு பேர் நின்னா நீங்கதான் முதல் ஆளா விரட்டுவீங்க. வீட்டுக்குள்ள யாரு விரட்டுவா?"

விரட்டியிருக்கிறேன்தான். போன தடவை ஒருவர் மனைவியின் கூடவே உள்ளே வந்தார், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று. அந்தப் பெண் மெதுவாக, "தெரியும்" என்றாள். அவரை வெளியே அனுப்பினேன்.

ஆனால் எல்லா வீடும் அப்படியா? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மார்ச் 14, சனி

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து இவர் குரல்: "உன்னுதையும் போட்டாச்சு. அந்த வேலை முடிஞ்சுது."

யாருக்கு என்று கேட்டேன். வேறு யாருக்கு, கடைக்காரர் சங்கத் தலைவருக்குத்தான். இவருக்கு ஹார்டுவேர் கடை. ஓடிபி இவர் போனுக்கு வந்ததாம், இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தாராம். கேட்டிருந்தாலும் நான் அதைத்தானே சொல்லியிருப்பேன் என்றார்.

நான் நினைத்திருந்தது நர்ஸ் அம்மாவை. வேட்பாளர்களில், அரசு மருந்தகத்தை ஊருக்கு வெளியே மாற்றவிட மாட்டேன் என்று சொல்பவர் அவர் ஒருவர்தான்.

சட்டைக் காலர் கருகியது. இவருடையதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை. கெட்ட மனுஷன் இல்ல. பல்பு மாத்துற மாதிரி என் ஓட்டைப் போட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டார், அவ்வளவுதான். அதுதான் தாங்கல. கேட்கணும்னு தோணவே இல்லையா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமா படிவத்துல என் நம்பரைப் போடணும்னு எனக்கே தோணலையே, அவரை மட்டும் என்ன சொல்ல?

மார்ச் 16, திங்கள்

இன்று அண்ணியின் ஓட்டை முடித்தேன். பள்ளியிலிருந்து வந்ததும் போனோடு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறது. பெயர்களை வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "நர்ஸ் அம்மாதானே, அண்ணி?" என்றேன். "ம்" என்றார். அழுத்திவிட்டேன்.

பறிபோன என் ஓட்டுக்கு ஈடாயிற்று. நன்றாகத் தூங்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

அந்த "ம்" உறுத்துகிறது.

மார்ச் 18, புதன்

ஞாயிற்றுக்கிழமை சாவடிக்குப் போய் என் ஓட்டை நானே போடப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

தட்டைக் கழுவும்போது அண்ணி அறையிலிருந்து கூப்பிட்டார்.

"என்னையும் கூட்டிட்டுப் போ."

கை ஈரத்தோடு போய் நின்றேன். "நான் தப்பான ஆளுக்கு அழுத்திட்டேனா அண்ணி?"

"யாருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. நீதான் கேட்டே, நீதான் பதிலும் சொன்னே, நீதான் அழுத்தினே."

அண்ணி முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பிறகு சொன்னார்: "ஊர்ப் பேச்செல்லாம் என் காதுல விழுந்திருக்கு. ஒண்ணையும் வெளியே விட்டதில்ல. என் ஒரு ஓட்டை உன்கிட்ட வாய்விட்டுச் சொல்லணுமா?"

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேளாவேளைக்குச் சோறு போடறவ நீ. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

வெட்கமாக இருந்தது. இவராவது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இவரே கடை வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வாக்கரை மடித்து ஏற்றினார். அக்காவைத் தூக்கி உட்காரவைத்தார். இன்னும் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் வந்தார்.

சாவடி எங்கள் பள்ளியிலேயே, ஐந்தாம் வகுப்பறையில். கணக்கு டீச்சர் பணியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டது நன்றாகத் தெரிந்தது. உதவிக்கு ஆள் வேண்டுமா என்று அண்ணியிடம் கேட்டார். "வேண்டாம்மா, கண்ணாடி வந்துடுச்சு."

வாக்கர் தரையில் தட்டித் தட்டி உள்ளே போனது. வெகுநேரம் ஆயிற்று. வரிசையில் முணுமுணுத்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். பக்கத்தில் பார்த்தால் இவரும் திரும்பித்தான் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வரும் வழியில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நர்ஸ் அம்மா ஒன்பது ஓட்டில் தோற்றுவிட்டார். அண்ணியிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அந்த "அப்படியா"வை என் மனம் குடைய ஆரம்பித்தது. போதும் என்று அதட்டி வைத்தேன்.

மார்ச் 30, திங்கள்

நகராட்சி அலுவலகம் போய் நம்பரை மாற்றினேன். எனக்கு என் நம்பர், அண்ணிக்கு அவருடைய பட்டன் போன் நம்பர். ஓடிபி அதிலும் வருமாம். படிவத்தை எடுத்துத் தந்தது இவர்தான். நிரப்பவும் வந்தார், பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.

அங்கே ஆளுக்கொரு கருத்துத் தாள் தந்தார்கள்: போன் ஓட்டு தொடரலாமா, வேண்டாமா? அண்ணிக்கும் ஒன்று வாங்கிவந்தேன். எழுந்தே உட்கார முடியாதவர்களை நினைத்தால் ஒரு பதில் வருகிறது, அண்ணிக்காக அழுத்திய என் கட்டைவிரலை நினைத்தால் இன்னொன்று. கடைசியில் ஒன்றில் குறியிட்டேன். எதில் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

அண்ணியிடம் தாள், பேனா, மூக்குக் கண்ணாடி, உறை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். உறையை ஒட்டியே கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் தபால் பெட்டியில் போட்டேன்.