வலிக்கவில்லையே என்றார்கள்

என் பிரியமுள்ள மைனிக்கு,

காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, "ஏட்டி, அருவிக்கு வாரியா இல்லியா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். நான் போகவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். பயப்படாதீர்கள், உங்கள் பெயரும் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர், மார்பில் வந்த கட்டியால் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவர் என்பது மட்டும் படிக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். உடம்பைப் பற்றிப் பேசக் கூசுகிற குடும்பம் நம்முடையது. எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. ஆனால் இப்போது ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

நீங்கள் கடைசியாக அருவியில் குளித்த சீசன் நினைவிருக்கிறதா? பெண்கள் பக்கத்தில் நீங்கள் ஈரச்சேலையை மாற்ற, நான் மறைப்புப் பிடித்து நின்றேன். உங்கள் இடது மார்பின் ஓரத்தில் தோல் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தது. என்ன மைனி இது என்றேன். "கட்டி மாதிரி ஒண்ணு. வலிக்கல்லாம் இல்ல. சீக்கிரம் சேலையக் கொடுட்டி, குளிருது" என்றீர்கள். நான் விடாமல் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "வலிக்கா?"

"இல்ல அத்தே."

"அப்பம் ஒண்ணுமில்ல. தண்ணி நல்லா விழுற இடமாப் பாத்துக் காட்டு. கரைஞ்சிரும்."

மறுநாளும் போனோம். தலையில் விழுந்தாலே அடி விழுவதுபோல் இருக்கிற தண்ணீர் அது. அதில் நீங்கள் மார்பைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றீர்கள். சுற்றி நின்ற பெண்கள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். இவ்வளவு அக்கறை உள்ள உலகத்தில் ஒருவருக்குக்கூட அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே, மைனி?

பிறகு அண்ணன் டாக்டரிடம் போனான். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண்கள் டாக்டரிடம் போவதில்லை, அவர்களுடைய நோயை ஆண்கள் கொண்டுபோவார்கள். காய்ச்சல், தலைவலி என்றால் சரி. கட்டி எங்கே என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணன் தன் சட்டைப்பைக்கு மேல் விரலை வைத்துக் காட்டினானாம். "அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றாராம் அவர். "அவ வரமாட்டா சார். வலி ஒண்ணும் இல்லங்கா" என்று இவன் சொல்ல, பூசுவதற்கு ஒரு களிம்பு கிடைத்தது. வேலையைச் சுத்தமாக முடித்துவிட்ட முகத்தோடு திரும்பி வந்தான். நீங்கள் அடுக்களையில் என்னிடம் சொன்னீர்கள்: "நல்லவேளை, மருந்தயும் அவுகளே தடவிக்கிடாம கொண்டுவந்து தந்தாகளே!" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். 

அக்குளிலும் நெறி கட்டிக் கை தூக்க முடியாமல் போன பிறகுதான் உங்களைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், முதலில் கொஞ்சம் சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். கூட வந்த பெரியப்பா, "கத்தி பட்டாப் பரவிரும்" என்று சொல்லி அன்றைக்கே திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். அடுத்த சாரலுக்கு நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் மிதித்ததால்தான் பெருகிவிட்டது என்று இன்றைக்கும் நம் வீட்டில் பேசுகிறார்கள். கத்தியே படாத உடம்பில் எது பரவியது? நான் கேட்டால், வாயாடி என்கிறார்கள்.

இனி என் சேதியைச் சொல்கிறேன்.

போன தை மாதம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது என் கையில் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, தொட்டால் நழுவியது. வலி இல்லை. என்னிடம் இருக்கிற புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். காதல், மோட்சம், தேசம் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது. மார்பைப் பற்றி உவமைகள்தான் இருக்கின்றன. அதில் ஒரு கட்டி வந்தால் ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "வலிக்கா?"

உங்களைப் புதைத்த ஊரில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியை எப்படி மைனி மறுபடியும் கேட்க முடிகிறது? கையில் இருந்த செம்பைத் தரையில் போட்டுவிட்டேன். சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போயி டாக்டர்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்றான்.

"கட்டி உனக்கா, எனக்கா அண்ணே?"

 அவன் கை சட்டைப்பைக்குப் போய், அங்கேயே நின்றது. பிறகு, "காலைல ரயிலுக்குப் போவோம். ரெண்டு பேரும்" என்றான்.

உங்களைப் பார்த்த அதே டாக்டர்தான். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், படுக்கவைத்து விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தார், அக்குளையும் பார்த்தார். "உன் வயசுக்கும் இது நழுவுறதுக்கும் புற்றா இருக்காதுன்னுதான் தோணுது. ஆனா என் விரலுக்குத் தோணுறத நம்பி உன்ன அனுப்பக் கூடாது" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மார்புக்கு அப்படி எடுக்கிற வசதி இங்கே இல்லை, வெளிநாட்டில்தான் செய்து பார்க்கிறார்கள் என்றார். பெரும்பாலும் இந்தக் கட்டி ஆரம்பத்தில் வலிக்காது, அதனால்தான் எல்லோரும் தாமதித்து வருகிறார்கள் என்றும் சொன்னார். அண்ணன் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு என்னிடம் கேட்டார். என்னிடம், மைனி! அறுக்கும்போது சந்தேகமாகத் தெரிந்தால் மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடலாமா, அல்லது கட்டியை மட்டும் எடுத்துத் தைத்துவிட்டு, சோதனையில் என்ன வருகிறது என்று பார்த்து அப்புறம் முடிவு செய்யலாமா? இரண்டாவது என்றால் ஒருவேளை இன்னொரு தடவை மேஜையில் படுக்க வேண்டியிருக்கும் என்றார். கட்டியை மட்டும் எடுங்கள், மற்றதை நான் விழித்திருக்கும்போது பேசலாம் என்றேன்.  என் உடம்பைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை நான் உண்ணவில்லை, உறங்கவில்லை என்று எழுதினால் பொய். உண்டேன், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

புற்று இல்லை என்று வந்தது. சாதாரணக் கட்டி.

அழுது தீர்த்துவிட்டு நிமிர்ந்தால், அம்மா சொல்கிறாள்: "ஒண்ணுமில்லாததுக்கா மாருல கத்தி வச்சிக்கிட்டே?" ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தானே வைத்தேன்! ஆவணியில் அச்சன்புதூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். தழும்பைப் பற்றி யாராவது பின்னால் கேட்டால், குற்றாலத்தில் வழுக்கி விழுந்து பாறை குத்தியது என்று சொல்ல வேண்டுமாம். உங்களைக் கரைக்க அனுப்பிய அதே அருவியை எனக்குப் பொய்ச் சாட்சியாக நிறுத்துகிறாள். நான் சொல்ல மாட்டேன். வருகிற பெண்களிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுத வைத்தது உங்கள் மகள். நேற்றுத் தலை துவட்டும்போது என் தழும்பைப் பார்த்துவிட்டாள். விரலால் தொட்டு, "அத்தே, வலிக்கா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"அப்பம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? யாரும் இல்லை. நம் வீட்டுக் காற்றிலேயே அது இருக்கிறது.

மைனி, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வளர்ந்ததும், எண்ணெய் தேய்க்கும் நாளில் தன் உடம்பைத் தன் விரல்களால் தடவிப் பார்க்கப் பழக்குவேன். ஏதாவது தட்டுப்பட்டால் வலிக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். அவளுக்குப் பதிலாக யாரையும் டாக்டரிடம் அனுப்பவும் மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ரயிலில் போவேன். திரைக்கு இந்தப் பக்கம், அவளோடு நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்கு அத்தையாக மிஞ்சியிருப்பவள்