ஓணத்துப் பீன்ஸ்

ஆவணி 4, செவ்வாய். அத்தம், ஓணக் கணக்கில் முதல் நாள்.

விடிந்ததிலிருந்து தூறல். கடைக்குத் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள் பாதி நனைந்தாயிற்று. ஓணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஆடி முழுக்க ஈ ஓட்டினோம். இன்றுதான் மட்டாஞ்சேரி ஜனம் நின்று விலை கேட்கிறது. கேட்பதோடு சரி.

பீன்ஸ் கிலோ 4 ரூ. (போன வாரம் 3). ஏத்தக்காய் (நம்மூர் நேந்திரங்காய்) தினம் ஏறுகிறது. முருங்கைக்காய் பக்கம் போக முடியாது. சேனை, வெள்ளரி, பூசணி பழைய விலைதான்.

அம்மாவின் கார்டு, இது மூன்றாவது. தங்கை சாந்திக்கு 13-ஆம் தேதி வியாழன் காலை கல்யாணம். அதே நாள் இங்கே கொச்சியில் திருவோணம். ஊரில் ஆவணி என்றால் முகூர்த்தம், இங்கே ஆவணி என்றால் வியாபாரம். இந்த ஊருக்கு வந்த பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை சீர். ஒன்றுக்கும் போனதில்லை. "கொச்சிக்காரி வரமாட்டா" என்று ஊரில் பேச்சு. இது கூடப் பிறந்தவள். போயே தீருவேன்.

ஆவணி 6, வியாழன்.

மழை விட்டது. புழுக்கம். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தி நடந்தேன்.

சாப்பாடு போடும்போது இவரிடம் பேச்செடுத்தேன். "ஓணத்துக்கு முந்தின நாள், உத்ராடத்தன்னிக்கு மத்தியானத்தோட காய் வித்துரும். சின்னச்சாமி லாரி திரும்புமில்ல, அதுல ஏத்தி விடுறேன். விடியறதுக்குள்ள ஊருக்குப் போயிரலாம்" என்றார். சின்னச்சாமி எங்களுக்குப் பக்கத்து ஊர், ஒட்டன்சத்திரத்திலிருந்து இங்கே காய் ஏற்றி வருகிறவன்.

"நீங்க வரலையா?"

"கடையை யாரு பாக்குறது?"

கல்யாணம் அவர் தங்கைக்கு இல்லையே. சரி, நானாவது போகிறேன்.

ஆவணி 9, ஞாயிறு.

பீன்ஸ் 6. தக்காளி 3.

வாடிக்கை டீச்சர் வந்தார். "எந்தா சேச்சி, இது பீன்ஸோ பொன்னோ?" கால் கிலோ வாங்கிவிட்டு ஒரு பிடி கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய் சும்மா. போகிற போக்கில், "தமிழன்மாருக்கு ஓணம் வந்நால் கோளாணு" என்றார். நல்ல வேட்டையாம் எங்களுக்கு. விலையை நானா ஏற்றுகிறேன்? ஏறும்போது நான் திருடி. இறங்கும்போது யாரும் வந்து மன்னிப்புக் கேட்டதில்லை.

பட்டுப்புடவையை எடுத்து உதறிப் பார்த்தேன். பாச்சை உருண்டை வாசம். மடிப்பில் ஓரிடத்தில் நூல் விட்டிருக்கிறது. கொசுவத்தில் மறைந்துவிடும்.

ஆவணி 10, திங்கள்.

சண்டை. இவர் ஆறு மூட்டை பீன்ஸ் கூடுதலாக எடுத்துப் போட்டிருக்கிறார். சாயாக் கடையில் எவனோ சொன்னானாம், உத்ராடத்தன்று பத்து ரூபாய் போகும் என்று. சேனையை வைக்கலாம், பூசணியை வைக்கலாம். மழைக் காலத்தில் பீன்ஸை யாராவது வைப்பார்களா? மூன்றாம் நாள் புள்ளி விழும், அப்புறம் கொழகொழ.

சொன்னேன். "நீ வாயை வெச்சே வியாபாரத்தைக் கெடுத்துருவ."

என் வாய்தான் இவர் கடையில் காய் விற்கிறது. இவருக்கு மலையாளத்தில் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஆவணி 12, புதன். உத்ராடம்.

கையே எழவில்லை. எழுதாமல் படுத்தாலும் தூக்கம் வராது.

காலையில் நல்ல கூட்டம். பீன்ஸ் 7-க்குப் போனது. இவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு தெரு முனையில் சர்க்கார் ஓணச் சந்தையில் பீன்ஸ் 3-க்குப் போட்டார்கள் என்று பேச்சு. ஜனம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது. போதாக்குறைக்கு எர்ணாகுளம் மார்க்கெட்டில் நாலு லாரி புதிதாக வந்து இறங்கியதாம். உச்சிக்கு 4. அப்புறம் 2. கேட்கத்தான் ஆளில்லை.

சின்னச்சாமி வந்து நின்றான். "அக்கா, வாங்க. இப்பக் கிளம்புனாத்தான் முகூர்த்தத்துக்குப் போக முடியும்."

பையைத் தூக்கிவிட்டேன். இவர் பின்னால் கிடந்த பீன்ஸ் மூட்டைகளைப் பார்த்தபடி, "நீ போயிட்டா நான் ஒத்தையில என்ன பண்ணுவேன்? சாயங்காலம் ஒரு கூட்டம் வரும்" என்றார். கண் கலங்கின மாதிரி இருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

"நீ போ தம்பி. அம்மாகிட்ட ஏதாவது சொல்லிரு."

"என்னக்கா சொல்றது?"

போகச் சொல்லிக் கையை ஆட்டினேன், போனான்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. மழையும் வந்தது. இரண்டு மூட்டை மிச்சம்.

ஆவணி 13, வியாழன். திருவோணம்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் பப்படம் பொரிக்கிற வாசம். மூட்டையைப் பிரித்தால் சூடு அடிக்கிறது, உள்ளே கை வைத்தால் வழுக்குகிறது. இரண்டையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மாட்டுக்காரனிடம் கொட்டினோம். அதற்கும் வண்டிக் கூலி. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

இந்நேரம் தாலி கட்டியிருப்பார்கள். சாந்திக்குத் தலை பின்னி விட்டது யார்? சின்ன வயதில் நான் பின்னினால்தான் ஒத்துக்கொள்வாள். அழுதேன். இவர் காது கேட்காதவர்போல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ரசம், அப்பளம்.

ஆவணி 15, சனி.

வெயில். எல்லாக் காயின் விலையும் தரைக்கு வந்துவிட்டது. வாங்கத்தான் ஆள் இல்லை. ஓணத்து மிச்சக் குழம்பை இன்னும் சுட வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சின்னச்சாமி வந்தான். கல்யாணத்தில் சாப்பிட்டானாம். நல்லபடியாக நடந்ததா என்றேன். "நடந்துச்சுக்கா" என்று இழுத்தான். விருந்து எப்படி, என்ன பொரியல் என்றேன். காய் விற்கிற புத்தி, வேறென்ன கேட்க வரும்.

"பூசணிக்காய்தான்க்கா. பீன்ஸ் போடுறதாத்தான் இருந்தாங்க. உங்கம்மா மூணு நாளா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல அலைஞ்சுச்சு. ஒரு மூட்டை கிடைக்கல. எல்லாத்தையும் ஓணத்துக்குன்னு இங்கதான் ஏத்திட்டோமே. மாப்பிள்ளை வீட்டுல இலையைப் பாத்துட்டு, கல்யாணத்துக்குப் போயும் போயும் பூசணிக்காயான்னு ஒரே பேச்சு. பந்தியில பாதிப் பேரு எந்திரிச்சுட்டாங்க. உங்கம்மா அடுப்பங்கரையை விட்டு வெளிய வரல."

"சாந்தி?"

"'எங்கக்கா காய்க்கடைதான் வெச்சிருக்கு'ன்னுச்சு." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டி காலியாத்தான்க்கா போச்சு. எனக்கும் தோணல" என்றான்.

எனக்கும்தான் தோன்றவில்லை. பையைத் தூக்கினேன், இறக்கினேன். பின்னால் மூட்டை கிடந்தது.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அலைந்தது, பந்தியில் எழுந்து போனது, சாந்தி சொன்னது. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி,

"அங்க பீன்ஸ் கிலோ என்ன விலைக்குப் போச்சாம்?" என்றார்.