திரையில் வந்த டாக்டர்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். இப்போது எழுந்து உட்கார முடிகிறதா? நான் சுகம். இங்கே பட்டணத்தில் நான் வேலை பார்க்கும் விடுதிச் சமையலறையில் உலைநீர் சிந்திக் கை கொஞ்சம் வெந்தது, பயப்பட ஒன்றுமில்லை. சுற்றிக்கொள்ள என் பழைய சேலையைக் கிழித்து அனுப்புங்கள்.

கணினி மையம் நடத்தி, ஊருக்கே டாக்டரைத் திரையில் கொண்டுவந்தவள் நம் பேத்தி. "தாத்தாவைக் கோட்டைவிட்டுட்டேனே பாட்டி" என்று நேற்று போனில் அழுதாள். டாக்டர் கேட்டதற்கு, "எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கேன்" என்றீர்களாம். அவரும் நம்பிவிட்டார். வீடு திரும்பும் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறீர்கள்.

வாராவாரம் மையத்தின் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே திரையில் தெரியும் என்னிடம் அப்படிச் சொல்லிப் பழகிய வாய். மறுபடி டாக்டர் வந்தால் வலியை மறைக்காதீர்கள். அந்தப் பொய் எனக்கு மட்டும் போதும், நான் நம்பிக்கொள்கிறேன்.

அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரி