கையெழுத்துப் போடாத பூச்சீட்டு

தலைமன்னார்க் கப்பலில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற என் அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நடுவட்டத்தில் மழை விட்டுவிட்டது. கொழுந்து கொட்டுகிறது, அரை நாள் லீவு கேட்டாலும் கங்காணி முறைக்கிறார். என் மகள், உன் மருமகள் சரசு முழுகாமல் இருக்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. சரசு கல்யாணத்துக்கு நீ அனுப்பிய மாலைக்கு நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் அது.

அன்று காலை எழுந்ததிலிருந்து என் காது பஸ் ரோட்டிலேயே இருந்தது. நீ குன்னூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயோடு படுத்திருந்தாய். 'நான் வர முடியாது, என் மாலை வரும்' என்று கார்டு போட்டிருந்தாய். எப்படி வரும், யார் கொண்டுவருவார் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? உனக்கு எப்போதுமே பாதி சொன்னால் போதும்.

தாய்மாமன் மாலை கழுத்தில் விழாமல் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேத்தியில் காரட் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். நம் பேர் அவர்கள் வாயில் 'சிலோன்காரங்க' என்றுதான் வரும். கெட்ட மனுஷர்கள் இல்லை. ஆனாலும் கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அத்தை கேட்ட கேள்வி என் முதுகில் வந்து விழுந்தது.

"ஏனுங்க, பொண்ணுக்கு மாமன்னு ஒருத்தரு இருக்காருங்களா, இல்லீங்களா?"

"இருக்காருங்க. மாலை வந்துக்கிட்டிருக்கு" என்றேன். முகூர்த்தம் ஒன்பதரைக்குள். அப்போதே ஒன்பது ஆகப்போகிறது. பைக்காராப் பக்கம் மூடுபனி என்றும் ஊட்டி பஸ் ஊர்ந்து வருகிறது என்றும் யாரோ சொன்னார்கள். நம் சாதிசனம் எல்லாம் கடலுக்கு இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. மாமன் மாலையும் வராவிட்டால் என் பிள்ளை கேட்பாரற்றவள் ஆகிவிடுவாளே என்று மறுபடி ரோட்டையே பார்த்தேன்.

பஸ் வந்தது. அதிலிருந்து மஃப்ளர் கட்டிய ஒரு மனிதர் கூடையோடு இறங்கி, "செல்லம்மாங்கறவங்க யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாழையிலையை அவர் விலக்கியதும் சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய மாலை தெரிந்தது. அண்ணே, அந்த மணம் வந்ததும் நீயே வந்துவிட்ட மாதிரி எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊட்டி மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் ரங்கசாமி என்று அவர் தன்னைச் சொன்னார். அவருடைய தம்பி உனக்குப் பக்கத்துக் கட்டிலாம், பார்க்க வந்த இடத்தில் நீ அவரைப் பிடித்துக்கொண்டாயாம்.

கையை நீட்டினேன். அவர் கூடையைக் கொடுக்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்தார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்கம்மா."

முழுக்க இங்கிலீஷ். அச்சடித்த கோடுகள், நடுவில் பேனாவால் கிறுக்கியது, அடியில் எனக்கென்று ஒரு காலி இடம். சீட்டுக்குக் கீழே நீலக் கார்பன், கார்பனுக்குக் கீழே இன்னொரு சீட்டு. மேலே போட்டால் கீழேயும் விழும். என் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

நமக்கு நடந்தது உனக்குத் தெரியாதா? சிலோன் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேர் பதிகிறோம் என்று சொல்லி அப்பாவின் பெருவிரலைப் பிடித்து ஒற்றினார்களே, அந்தக் கடுதாசியிலும் கீழே கார்பன் இருந்தது. அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்கிற கடுதாசி என்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவைப் புதைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தோம். கப்பலில் அப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"செல்லம், இனிமே படிச்சு வெளங்காத எந்தக் கடுதாசியிலயும் கைய வைக்காத. யாரு கேட்டாலும் வைக்காத. நானே கேட்டாலும் வைக்காத."

அன்று காலை எனக்கு இந்த வார்த்தை போதுமாயிருந்தது. நான் மாட்டேன் என்றேன்.

"அம்மா, இது வெறும் பூச்சீட்டுங்க" என்றார் ரங்கசாமி. "செல்லம்மாங்கற பேருல லயத்துல நாலு பேரு இருக்காங்க, வேற ஊட்டுக் கல்யாணத்துக்குப் போயிரப்போகுது, கையெழுத்து வாங்காம கூடையக் கீழ வைக்கக் கூடாதுன்னு உங்க அண்ணன் எங்கிட்டச் சத்தியம் வாங்கீட்டாருங்க. அதைப் பார்த்தாத்தான் தூக்கம் வரும்னாருங்க."

"எங்கண்ணனே கேட்டாலும் போடக் கூடாதுன்னு எங்கண்ணந்தான் சொல்லியிருக்கு."

"பூவத்தானே புள்ள குடுக்கறாரு, போட்டுத் தொலையேன்" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குள் நம் லயத்து ஆட்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "வைக்காத அக்கா, எங்கப்பனையும் இப்பிடித்தான் ஏமாத்துனானுக" என்று ஒருத்தி. "வேலைய விட்டு நிறுத்துற கடுதாசியா இருக்கும்" என்று இன்னொருத்தர். சூடு கண்ட பூனைகள், அத்தனை பேரும். படித்துச் சொல்லக் கூடியவள் சரசு ஒருத்திதான். அவள் கோயிலுக்குள் கூறைச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். மணப்பெண்ணை வெளியே கூப்பிட்டுக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா? தெரியவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீதானே சொல்வாய்.

கீழே கூடலூர்ப் பக்கமிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ் மேடு ஏறும் சத்தம் கேட்டது. ரங்கசாமிக்கு அதை விட்டால் மத்தியானம்தான். அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "என்னம்மா நீங்க, கூடப்பொறந்தவரு அங்க காத்துக்கிட்டிருக்காரு" என்றார். அப்புறம் கூடையோடு ரோட்டுக்கு இறங்கிப் போனார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன் அண்ணே. ஒரு கூப்பிடு கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். உள்ளே ஐயர் அவசரப்படுத்தினார். அந்த அத்தை, "நேரமாவுதுங்க, இருக்கறதப் போடுங்க" என்றாள். தொரை பங்களா வேலியோரம் பறித்து வைத்திருந்த டேலியாவை என் வீட்டுக்காரர் நாரில் கட்டி, பங்காளி ஒருவரைப் போடச் சொன்னார். சரசு குனிந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாலி ஏறியது. எனக்கு மேளம் எதுவும் காதில் விழவில்லை.

பந்தி நடக்கும்போது பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பூக்காரர் பஸ் ஏறும்போது ஆணியில மாட்டிட்டுப் போனாரு, பொண்ணுக்குச் சேர வேண்டியதாம்." சத்தியத்தை மீறிப் பூவைக் கொடுத்துவிட்டு, வெறும் சீட்டோடு உன்னிடம் போயிருக்கிறார் அந்த மனுஷன். தாலிக்கு மேலே உன் மாலையைப் போட்டேன். முறை தப்பிப் போட்ட மாலைதான். ஆனாலும் சரசு அதைப் படுக்கப் போகும் வரைக்கும் கழற்றவில்லை.

உன்னிடம் நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். லீவு கிடைத்தபோது தந்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் சட்டை, கம்பளி, டம்ளர் எல்லாவற்றையும் மூட்டையாகக் கொடுத்தார்கள். தலையணைக்கு அடியில் இருந்ததென்று அந்தச் சீட்டையும் தந்தார்கள். மேல் சீட்டு, கார்பன், கீழ்ச் சீட்டு, மூன்றும் கசங்காமல் நாலாக மடித்து.

ரங்கசாமி உன் காரியத்துக்கு வந்திருந்தார். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"வெறும் சீட்டப் பார்த்துட்டு எங்கண்ணன் என்ன சொல்லிச்சு?"

"தங்கச்சி என்ன சொன்னுச்சுன்னு கேட்டாருங்க. அண்ணனே கேட்டாலும் போடமாட்டேன்னாங்கன்னேன். அப்பறம் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் கெளம்பறப்பத்தான் சீட்டக் குடுங்கன்னு வாங்கி வெச்சுக்கிட்டாரு."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நீ என்ன நினைத்தாய் அண்ணே? தங்கச்சி என் பூவைத் திருப்பிவிட்டாள் என்று நினைத்தாயா? கப்பலில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் வந்ததா, இல்லையா? ஞாபகம் வந்திருந்தால் சிரித்திருப்பாய். அந்த மனுஷருக்கு உன் முகம் தெரியவில்லையாம். மூன்று மாதமாக நான் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறேன்.

போன வாரம் சரசு வந்தபோது சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளுக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. "மாலை ஒன்று, பெற்றுக்கொண்டேன். அவ்வளவுதாம்மா இருக்கு" என்றாள். அவள் போன பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்பு. உன் பேரைச் சொல்லி இப்போதே ரங்கசாமியிடம் பூவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். பஸ் வரும் நேரத்துக்கு நானே ரோட்டில் நிற்பேன். அவர் என்ன சீட்டை நீட்டினாலும் சரசுவைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, உடனே கையெழுத்துப் போடுவேன். இது உன்மேல் சத்தியம். பிறக்கிற பிள்ளைக்கு முதலில் எழுத்தைச் சொல்லிக்கொடுப்போம், பயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் சீட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் கீழே போடுவதையே அதிலும் போடப் போகிறேன், நன்றாக அழுத்தி, கார்பனுக்கு அடியிலும் விழுகிற மாதிரி. இனித் தூங்கு அண்ணே.

மாலை ஒன்று, பெற்றுக்கொண்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்லம்மா