படியில் உட்கார்ந்து சொன்ன கதை

யோஸ்காத்
4 பிப்ரவரி 2008

அன்புத் தம்பி இல்ஹானுக்கு,

அக்கா சபிஹா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே முழங்கால் வரை பனி. உன் மச்சானுக்கு இருமல் விட்டபாடில்லை. மருந்துக் கடை வைத்திருப்பவருக்கே மருந்து கேட்கவில்லை, என்ன செய்ய.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய வீட்டில் குடியிருந்த வாத்தியார் குடும்பம் காலி செய்துவிட்டது. உன் புதுப் பேய்ப் படத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரரிடம் நீ "என் சின்ன வயதில் எங்கள் வீட்டு மாடியில் நடந்ததைத்தான் எடுத்தேன்" என்று சொன்னாயாமே. அன்றிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஒரு பெண் கதவைத் தட்டி, "அக்கா, மாடியில இருந்தது இன்னும் இருக்கா?" என்று வாத்தியார் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டார்கள்.

ரொட்டிக் கடையில் நெஜாத் சொல்கிறான், "உங்க தம்பி படம் பாத்தேன். மூணு நாளா கொல்லைப்பக்கம் தனியா போக முடியல. அருமையா எடுத்திருக்காரு." இதற்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். படத்தில் வரும் அந்த ஜின் நம் அம்மா மாதிரியே தலை வாருகிறதாம். நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் அக்கா
சபிஹா


இஸ்தான்புல்
19 பிப்ரவரி 2008

என் அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. கோபத்தில்கூட அழகாக எழுதுகிறாய். மச்சானைப் புகையை நிறுத்தச் சொல்.

நான் கேட்டேன் அக்கா. போன வருஷம் போனில், "அந்தக் காலத்துல மாடியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருந்ததை வைத்துத்தான் எழுதினேன்.

எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான். எனக்கு ஆறு வயது. அப்பா ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவை அங்காரா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஸெக்கியே அத்தை சொன்னாள். மாடி அறை பூட்டியிருக்கும். மத்தியானத்தில் உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டும் சத்தம் வரும். நான் அழுவேன். நீ என்னைப் படியில் உட்கார வைத்துக் கதை சொல்வாய். உள்ளே இருப்பவள் ஜின், அவளுக்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், அம்மா குரலிலேயே கூப்பிடுவாள், கதவைத் திறந்தால் உன் குரலைப் பிடுங்கிக்கொள்வாள் என்று. நடுங்கிக்கொண்டே "அப்புறம்?" என்று கேட்பேன். நாலு படம் எடுத்துவிட்டேன். நாலும் அந்த ஒரு கதைதான்.

ஏன் இதைப் போய்ப் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் சரியாகத் தெரியாது. ஒரு பஸ் டிரைவர் நாலாவது தடவையாக வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "நாள் பூரா எதுக்கு பயப்படுறோம்னே தெரியாம பயந்துக்கிட்டு இருக்கேன் சார். இங்க வந்தா எதுக்குன்னு தெரியுது" என்றார். அவ்வளவு நல்ல விமரிசனம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அம்மா மாதிரி தலை வாருகிறாள் என்பது உண்மை. அம்மாவைப் பற்றி என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான். வேறு எங்கே வைப்பேன்?

இன்னொன்று. இரண்டாம் பாகத்தை அந்த வீட்டிலேயே எடுக்கவேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். வீடு நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். பத்திரம் இத்துடன் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை படத்தைப் பார். பார்த்துவிட்டுத் திட்டு.

என்றும் உன் தம்பி
இல்ஹான்


யோஸ்காத்
11 மார்ச் 2008

தம்பி இல்ஹானுக்கு,

பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு குலிஸாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி கைசேரிக்குப் போனேன். இங்கே பார்த்தால் எல்லோரும் படத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள்.

பகல் காட்சிக்கே அரங்கு நிறைந்திருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் முக்காடு போட்ட கல்லூரிப் பெண்கள் ஆறு பேர், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. கத்துவார்கள், உடனே சிரிப்பார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, "போயிட்டாளா? போயிட்டாளான்னு சொல்லேண்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தோழி, "போயிட்டா" என்று பொய் சொல்லிக் கண்ணைத் திறக்க வைத்தாள். குலிஸார் முழுப் படத்துக்கும் குர்ஆன் ஓதிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும், "ரெண்டாவது பாதி நல்லாருந்துச்சு, இன்னொண்ணு எப்ப வருதாம்?" என்கிறாள்.

நீ கெட்டிக்காரன்தான். அந்தப் பிறாண்டும் சத்தம் அச்சு அசலாக இருந்தது. ஜின், அம்மா குரலில் தண்ணீர் கேட்கும் இடத்தில் அரங்கமே அலறியது. நான் அலறவில்லை. எழுந்து போய்க் கழிவறையில் நின்றுகொண்டேன்.

முப்பத்தாறு வருடமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

அம்மா அங்காராவுக்குப் போனது அதற்கடுத்த வசந்தத்தில்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள். அந்த அறையில்.

அப்பா போனபின் அவளுக்குப் புத்தி பேதலித்தது. முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள். ஒரு நாள் பனியில் வெறுங்காலோடு நெடுஞ்சாலைவரை போய்விட்டாள். லாரிக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். ஓதிப் பார்ப்பவர் தாயத்துக் கட்டினார். "ஊர் சிரிக்குது, இனி இவளை வெளிய விடக் கூடாது" என்று அத்தை அறையில் போட்டுப் பூட்டினாள். அத்தை பகலில் நெசவாலைக்குப் போய்விடுவாள். அப்போது சாவி என்னிடம். எனக்குப் பதினாலு வயது.

நீ கதவருகே போய் "அம்மா, அம்மா" என்று தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாய். "அவன் தொறந்து அவ ரோட்டுக்குப் போயி செத்தான்னா, அது உன் பாவம்" என்று அத்தை சொல்லியிருந்தாள். உன்னை அந்தக் கதவிடமிருந்து எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை. அடித்தும் பார்த்தேன், நீ போகவில்லை. ஜின் என்று சொன்னேன். போய்விட்டாய்.

அம்மா குரலில் கூப்பிடும் என்று நான் சொன்னது ஏன் தெரியுமா? கூப்பிட்டது அம்மாதான். "இல்ஹான், தண்ணி குடுடா கண்ணு" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். "அது அம்மா இல்ல, அம்மா மாதிரி பேசுது" என்றேன். நீ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாய்.

அதைத்தான் நீ படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறாய். உன்மேல் தப்பில்லை. நான் சொன்னதை நம்பினாய். அதற்கப்புறம் ஒன்றரை வருடத்தில் அம்மா அங்காராவில் இறந்துபோனாள். நீ மறுபடி அவளைப் பார்க்கவே இல்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை.

சபிஹா


இஸ்தான்புல்
27 மே 2008

அக்கா,

இரண்டு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் அத்தைமேல், அப்பாமேல். எல்லோரும் செத்துவிட்டார்கள். நீ ஒருத்திதான் மிச்சம். அதனால் உன்மேலேயே திரும்பி வந்தது. அந்தப் பதினாலு வயதுப் பெண்ணை நினைத்துப் பார்த்தால் கோபம் தங்கவில்லை. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்த உன்னை நினைத்தால் தங்குகிறது.

தயாரிப்பாளரிடம் அந்த வீடு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் எதுவானாலும் எழுது. அவளுக்குத் தண்ணி கொடுத்தாயா?

இல்ஹான்


யோஸ்காத்
3 ஜூன் 2008

என் இல்ஹானுக்கு,

கொடுத்தேன். தினமும் கொடுத்தேன். நீ அழுது அழுது படியிலேயே தூங்கிப்போவாய். உன்னைக் கீழே படுக்க வைத்துவிட்டு, சூப்பும் ரொட்டியும் செம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய்த் திறப்பேன். அத்தைக்குத் தெரியாது.

நான் உனக்குச் சொன்னதையெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளும் கேட்டிருக்கிறாள். முதல் நாள் திறந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் செம்பை நீட்டினேன். என்ன சொல்வாளோ என்று. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "பாதி கேக்கல. பையன் அழுததுல போயிடுச்சு. அப்புறம் அந்த ஜின் என்ன பண்ணினா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொன்னேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்டாள். "பாதம் பின்னால இருந்தா செருப்பு எப்படிப் போடுவா? பாவம்" என்றாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். கதை கேட்கிறவரைக்கும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. மறுநாள் நான் தட்டை வைப்பதற்கு முன்பே, "இன்னிக்கு இன்னும் பயமா ஒண்ணு சொல்லு" என்றாள். நீ படத்தில் எடுத்திருக்கிறாயே, கிணற்றுக்குள் கல்யாணம் நடப்பது, கழுதைமேல் வரும் மாப்பிள்ளை, அவையெல்லாம் முதலில் அவளுக்காகக் கட்டியவை. மறுநாள் படியில் உனக்குச் சொன்னேன்.

அந்த ஜின் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளை அங்காராவுக்கு ஏற்றி அனுப்பிய காலையில் மட்டும், வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பிக்கு ரொம்ப பயங்காட்டாத" என்றாள்.

அந்தப் பேச்சை நான் மதிக்கவில்லை என்று உனக்கே தெரியும். அவள் போனபிறகும் நீ கதை கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உன் படத்துக்கு வீடு வேண்டுமானால் பலகையில் கட்டிக்கொள். இங்கே செர்ரி பழுக்கத் தொடங்கியிருக்கிறது. வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் வா. அந்த வீட்டு மாடி அறைக்குப் போய் ஜன்னலைத் திறக்கவேண்டும், எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா